இரவல் கொடியின் நிழலில் ஓர் ஊர்



வங்காளத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றைப் பற்றித் தமிழ்நாட்டு மேடையில் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு விற்பனைப் பத்திரம் இருக்கிறது. 1845 பிப்ரவரியில் டென்மார்க் அரசர் இந்தியாவில் தமக்கிருந்த குடியேற்றங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். அதில் அடங்கியவை மூன்று: நம் தரங்கம்பாடி, ஹூக்ளிக் கரையில் செராம்பூர், ஒடிசாவின் பாலசோரில் ஒரு துண்டு நிலம். தரங்கம்பாடியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூடவே விற்கப்பட்ட செராம்பூர் என்ன ஆயிற்று என்று நம்மில் அதிகம் பேர் விசாரித்ததில்லை.

ஊர் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர், ஆற்றின் மேற்குக் கரை. ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துச் சொச்சம். எதிர்க்கரையில் பாரக்பூர். வங்காளிகள் ஊரை ஸ்ரீராம்பூர் என்கிறார்கள். 2011 கணக்குப்படி நகராட்சி எல்லைக்குள் சுமார் 1,80,000 பேர். அந்த மேற்குக் கரையில் வடக்கிலிருந்து படகில் இறங்கி வந்தால் பாண்டலில் போர்த்துக்கீசியர், சின்சுராவில் டச்சுக்காரர், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர், செராம்பூரில் டென்மார்க்குக்காரர் என்று ஐரோப்பாவில் பாதி தேசம் ஒரே நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த வரிசையில் கடைசியாக வந்தவர்களும், கையில் பலம் குறைந்தவர்களும் டென்மார்க்குக்காரர்கள்தான். தரங்கம்பாடியில் அவர்கள் 1620 முதல் இருந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்த இடம் அது. வங்காளத்தில் கால் ஊன்ற முன்பு செய்த முயற்சி நிலைக்கவில்லை. 1755-இல் தரங்கம்பாடி நிர்வாகம் ஸோட்மான் என்ற அதிகாரியை அனுப்பி, நவாப் அலிவர்தி கானிடம் பணம் கொடுத்து பர்வானா என்ற அனுமதிப் பத்திரம் வாங்கியது. கிடைத்தது அறுபது பிகா நிலம். நம் கணக்கில் ஏறக்குறைய இருபது ஏக்கர். ஸ்ரீபூரில் கரையோரம் மூன்று பிகா, அக்னா என்ற இடத்தில் மிச்சம் ஐம்பத்தேழு. அரசர் ஐந்தாம் ஃபிரெடரிக்கின் பெயரை வைத்து அதற்கு ஃபிரெடரிக்ஸ்நகர் என்று பெயரிட்டார்கள். காகிதத்தில் அந்தப் பெயர் தொண்ணூறு ஆண்டு இருந்தது; சந்தையில் அது எடுபட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷமே சோதனை. 1756-இல் சிராஜ்-உத்-தௌலா கல்கத்தாவை நோக்கிப் படையெடுத்துப் போகும்போது டென்மார்க்குக்காரர்களையும் தமக்குத் துணையாக வரச் சொன்னார். எங்களிடம் குதிரையும் இல்லை, காலாளும் இல்லை, பீரங்கியும் இல்லை, மண் குடிசையில் குடியிருக்கிறோம் என்று இவர்கள் பதில் சொல்லி அனுப்பினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. நவாப் கல்கத்தாவிலிருந்து திரும்பும்போது அபராதம் போட்டுவிட்டுப் போனார். மற்ற ஐரோப்பியர்கள் கோட்டையும் கொத்தளமுமாக நின்று, ஒருவர் கோட்டையை ஒருவர் இடித்துக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே சந்தன்நகர் கோட்டையை ஆங்கிலேயர் சுட்டுத் தரைமட்டமாக்கினார்கள். செராம்பூரில் இடிக்க எதுவும் இல்லை. இந்த உரையில் நான் சொல்ல வந்ததும் இதைச் சுற்றித்தான்: அந்த ஊர் பிழைத்ததும் செழித்ததும் அதன் பலவீனத்தால். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் அங்கே வந்தார்கள். ஊரை ஊராக்கியவர்கள் அவர்கள். கொடி மட்டும் டென்மார்க்குடையது.

முதலில் வந்தது பணம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள் வங்காளத்தில் சம்பளத்துக்கு மேல் சம்பாதித்ததை எப்படி இங்கிலாந்துக்குக் கொண்டுபோவது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வழியாக அனுப்பினால் கேள்வி வரும், அளவும் உண்டு. அந்நியக் கம்பெனியிடம் ரூபாயைக் கொடுத்துவிட்டால், அவர்கள் அதைக் கொண்டு இங்கேயே துணியும் வெடியுப்பும் வாங்கிக் கப்பலேற்றி, ஐரோப்பாவில் உண்டியலாகத் திருப்பித் தந்துவிடுவார்கள். இன்றைக்கு நாம் ஹவாலா என்று சொல்லும் வேலைக்கு இது தூரத்து உறவு. அமெரிக்க விடுதலைப் போர் வந்து, பிரிட்டன் பிரான்சோடும் ஸ்பெயினோடும் டச்சுக்காரரோடும் மோதியபோது ஆங்கிலக் கப்பல்களுக்குக் கடலில் பாதுகாப்பு இல்லை. காப்பீட்டுச் செலவு ஏறியது. நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடி பறந்த கப்பலை யாரும் தொடவில்லை. ஒன்பது மாதத்துக்குள் இருபத்திரண்டு கப்பல்கள் செராம்பூரிலிருந்து சரக்கேற்றிப் புறப்பட்டதாக ஒரு கணக்கு உண்டு. 1777-இல் டென்மார்க் அரசாங்கமே ஊரைத் தன் நாட்டு வணிகக் கம்பெனியின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது.

பணத்தைத் தொடர்ந்து கடன்காரர்கள் வந்தார்கள். கல்கத்தா நீதிமன்றத்தின் அதிகாரம் செராம்பூர்ப் படித்துறையோடு முடிந்துபோகும். வாரண்டோடு துரத்துகிறவன் ஆற்றைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான். 1786-இல் ஜேம்ஸ் பார் என்பவர் அங்கே டென்மார்க் டாவர்ன் என்ற விடுதியைத் திறந்தார். அதற்கு முன் கல்கத்தாவில் லண்டன் டாவர்ன் நடத்தியவர் அவர். ஆற்றில் போகிற வருகிற கனவான்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் உண்டு, பில்லியர்ட்ஸ் மேசை உண்டு, செய்தித்தாள் படிக்கக் காப்பி அறை உண்டு என்று கல்கத்தாப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கோட்டையில்லாத ஊரில் விடுதி நன்றாக நடந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

மூன்றாவதாக வந்தவர்களால்தான் ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறியது. 1799 அக்டோபரில் ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் உள்ளிட்ட பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஒரு அமெரிக்கக் கப்பலில் வந்து செராம்பூரில் இறங்கினார்கள். கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிப்பதில்லை. திருப்பி அனுப்பச் சொல்லிக் கல்கத்தாவிலிருந்து நெருக்கடி வந்தது. செராம்பூர் கவர்னர் கர்னல் ஓலே பீ இடம் கொடுக்க மறுக்கவில்லை. அவர் தரங்கம்பாடியில் இருந்த காலத்தில் மிஷனரி ஷ்வார்ட்ஸை அறிந்தவர். தஞ்சை சரபோஜி மன்னருக்குக் காப்பாளராக இருந்த அதே ஷ்வார்ட்ஸ். வடக்கே அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் கேரி, மர அச்சு இயந்திரத்தோடும் குடும்பத்தோடும் 1800 ஜனவரியில் வந்து சேர்ந்துகொண்டார்.

அச்சகம் என்றால் நாம் கேரியின் பெயரைச் சொல்கிறோம். கேரி மொழிபெயர்ப்பாளர், வார்ட் அச்சுத் தொழில் தெரிந்தவர், ஆனால் எழுத்து இல்லாமல் எதை அச்சடிப்பது? அங்கேதான் பஞ்சானன் கர்மகார் வருகிறார். பெயரே சொல்கிறபடி கொல்லர் குலம். 1778-இல் ஹூக்ளியில் அச்சான ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணத்துக்காக சார்லஸ் வில்கின்ஸ் எழுத்து செய்தபோது கூடவே உட்கார்ந்து வேலை கற்றவர். எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்க வேண்டும். பிறகு அதைப் பதப்படுத்திச் செம்புக் கட்டியில் ஓங்கி அடித்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால் ஓர் எழுத்து. வங்காள மொழிக்குக் கூட்டெழுத்தையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் செதுக்க வேண்டும். ஒரு முடி அளவு பிசகினாலும் வரி ஆடும். பஞ்சானனும் அவர் மருமகன் மனோகரும் வங்காளத்துக்கும் நாகரிக்கும் மட்டும் என்றில்லாமல் மொழி மொழியாகச் செதுக்கிக்கொண்டே போனார்கள். செராம்பூரில் நாற்பதை ஒட்டிய மொழிகளில் நூல்கள் அச்சாயின. சீன மொழிக்குக்கூட அங்கே உலோக எழுத்து வார்த்து, 1822-இல் சீன பைபிளை முடித்தார்கள். தமிழும் உண்டு. தரங்கம்பாடி மரபில் வந்த ஃபப்ரிசியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு ஹூக்ளிக் கரையில் அச்சேறியது. தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் சீகன்பால்குவின் 1714-15 புதிய ஏற்பாட்டை மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். செராம்பூர் அச்சு அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது.

1812 மார்ச் 11 மாலை அச்சகம் தீப்பிடித்தது. காகிதம், கைப்பிரதிகள், வார்த்த எழுத்துகள் எல்லாம் போயின. கேரி பல ஆண்டு உழைத்த பன்மொழி அகராதியின் கைப்பிரதியும் போயிற்று. அச்சு இயந்திரங்களும், எஃகில் செதுக்கிய மூல எழுத்துகளும் தப்பின. சாம்பலுக்குள் உருகிக் கட்டியாய்க் கிடந்த ஈயத்தை அள்ளி, கர்மகார் பட்டறை மறுபடி வார்க்க ஆரம்பித்தது. சில வாரங்களில் அச்சு திரும்பவும் ஓடியது. மூலம் கையில் இருந்தால் வார்ப்பு எத்தனை முறை அழிந்தாலும் கவலையில்லை என்பது எழுத்து வார்க்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

1818-இல் மட்டும் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரலில் திக்தர்ஷன் மாத இதழ். மே மாதம் சமாசார் தர்பண் வார இதழ். அதே ஆண்டில் ஃப்ரெண்ட் ஆஃப் இந்தியா. பிற்காலத்தில் ஸ்டேட்ஸ்மனோடு இணைந்தது இதுதான். அதே ஆண்டில் கல்லூரி. 1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடரிக் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்து சாசனம் எழுதினார். 1845 விற்பனையிலும் அந்த உரிமை காப்பாற்றப்பட்டது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும் சென்னை குருக்குல் கல்லூரியிலும் படித்து வருகிற போதகர்களின் பட்டச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பட்டம் வழங்கியது செராம்பூர் கல்லூரியின் செனட். நம் ஊர்த் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடை ஏறுகிற பலருடைய படிப்புக்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு டென்மார்க் அரசரின் கையெழுத்துதான் ஆதாரம்.

இன்னொரு வருகையாளரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நதானியேல் வாலிச், டென்மார்க் மருத்துவர், 1807-இல் செராம்பூருக்கு வந்தார். வந்த சூட்டோடு ஐரோப்பியப் போரின் விளைவாக ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் போர்க் கைதி. தாவரம் தெரிந்தவர் என்று அறிந்து, கல்கத்தாத் தாவரவியல் பூங்காவை அப்போது நடத்திவந்த ராக்ஸ்பர்க் அவரை மீட்டுத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அந்தக் கைதிதான் பின்னாளில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் தலைவர். இந்திய அருங்காட்சியகம் 1814-இல் தோன்றக் காரணமான கடிதமும் அவருடையதே.

1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் கையில் இருந்த ஏழு ஆண்டில் வணிகம் செத்தது. ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது நடுநிலைக் கொடிக்குத் தேவையே இல்லை, போர் முடிந்துவிட்டது. லங்காஷயர் துணி வந்து வங்காளத் துணியின் மதிப்பும் விழுந்தது. டென்மார்க்குக்கு அது செலவுக் கணக்கு. விற்றார்கள். செராம்பூரின் பணக்காரக் குடும்பமான கோஸ்வாமி வீட்டார் ஊரையே விலைக்குக் கேட்டதாகவும், கம்பெனி கூடுதலாகக் கொடுத்து முந்திக்கொண்டதாகவும் உள்ளூரில் சொல்வார்கள். நடந்திருந்தால் வேடிக்கையான வரலாறு கிடைத்திருக்கும்.

1854 ஆகஸ்டு 15-இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியபோது நடுவில் நின்ற நிலையங்களில் செராம்பூரும் ஒன்று. மறு ஆண்டு பக்கத்து ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை. அடுத்து வந்த நூறு ஆண்டு சணலின் ஆண்டுகள். கேரி செடி வளர்த்த தோட்டத்தின் மேல் ஆலை எழுந்தது. பிகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஆந்திரா என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஆலை லைன் வீடுகளில் குடியேறினார்கள். டென்மார்க்குக்காரர்கள் இந்த ஊரில் மொத்தமாக இருந்ததைவிடச் சணல் தொழிலாளர் இருந்த காலம் நீளம், எண்ணிக்கையோ ஒப்பிடவே முடியாதது. அவர்களைப் பற்றிய பெயர்ப்பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இனி மீட்புக் கதை. விற்பனைக்குப் பின் டென்மார்க் கட்டடங்கள் ஆங்கில அரசின் கச்சேரிகளாயின. சுதந்திரத்துக்குப் பின்னும் அப்படியே. கவர்னர் மாளிகையில் நீதிமன்றமும் அலுவலகங்களும் நடந்து, பிறகு கூரை இற்று விழ ஆரம்பித்ததும் காலி செய்தார்கள். விடுதியின் கூரையும் சுவர்களும் சரிந்து, அரசமர வேர் செங்கலைப் பிளந்துகொண்டு நின்றது. ஓலே பீ தொடங்கி, அவர் 1805-இல் இறந்த பிறகு முடிந்த செயின்ட் ஓலாவ் தேவாலயம் 2010 வாக்கில் ஆபத்தான கட்டடம் என்று மூடப்பட்டது. ஊர்ப்பணம் திரட்டிக் கட்டிய கோயில் அது. எதிர்க்கரை பாரக்பூரில் மாளிகை வைத்திருந்த கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லியும் பணம் கொடுத்தார். தம் வீட்டுச் சாளரத்தில் இருந்து பார்க்க ஒரு கோபுரம் வேண்டும் என்ற ஆசை என்பார்கள்.

டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் தரங்கம்பாடியில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகச் செராம்பூருக்கு வந்தது. மேற்கு வங்கப் பாரம்பரிய ஆணையமும், இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கொல்கத்தாக் கிளையும் கூட நின்றன. டென்மார்க்கின் ரியல்டானியா அறக்கட்டளை பணம் கொடுத்தது. தேவாலயம் 2016-இல் திறந்து, அதே ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது பெற்றது. கட்டடக் கலைஞர் மனீஷ் சக்ரவர்த்தியின் மேற்பார்வை. முகப்பில் ஏழாம் கிறிஸ்டியன் அரசரின் முத்திரை எழுத்தும், இரட்டைத் தூண் வரிசையும், மணிக்கூண்டும் பழைய நிலைக்கு வந்துள்ளன. விடுதியைச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்துப் பூசி மறுபடி எழுப்பி, 2018-இல் காப்பிக் கடையும் தங்கும் அறைகளுமாகத் திறந்தார்கள். அது இருக்குமிடம் ஆற்றோரம், பழைய கொடிமரத் துறைக்குப் பக்கம்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது விடுதி. தேவாலயத்துக்கு விருது கிடைத்தது நியாயம்தான். ஆனால் கட்டடத்தைப் பழுதுபார்ப்பது ஒரு பாதி. அதில் நாளைக்கு யார் என்ன செய்வார்கள் என்பது மறுபாதி. 1786-இல் சாப்பாடு போட்ட இடம் இப்போதும் சாப்பாடு போடுகிறது. மாலையில் கல்லூரிப் பிள்ளைகள் வந்து காப்பி வாங்கிவிட்டு டென்மார்க் அரசர் யார் என்றுகூடக் கேட்காமல் அரட்டையடிக்கிறார்கள். கேட்க வேண்டியதும் இல்லை. பூட்டிய கட்டடத்துக்கு மழைக்காலத்தில் எங்கே ஒழுகுகிறது என்று எவருக்கும் தெரியாது. கடை நடக்கிற கட்டடத்தில் மறுநாள் காலையே ஆள் ஏறிப் பார்ப்பான். நம் தரங்கம்பாடியில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

குறையும் உண்டு. மீட்புத் திட்டத்தின் கண்ணுக்கு 1755 முதல் 1845 வரைதான் தெரிகிறது. பணம் கொடுத்தவர்களின் நாடு அது என்பதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் பாட்டன் வீட்டை அவரவர் பழுதுபார்ப்பார்கள். ஆனால் ஊரின் வயது அதைவிடப் பெரிது. டென்மார்க்குக்காரர் வருவதற்கு முன்பே ஊரின் ஒரு பகுதியான மாஹேஷில் ஜகன்னாதர் இருந்தார். 1396 முதல் தேர் ஓடுகிறது என்பது கோயில் மரபு. பூரிக்கு அடுத்தபடி பழமையான ரத யாத்திரை. இன்று ஓடுவது 1885-இல் செய்த இரும்புத் தேர். மரத்தேர்கள் தீயிலும் செல்லிலும் போனபின் சலித்துப்போய் இரும்பில் செய்துவிட்டார்கள். ஆனி, ஆடியில் அந்தத் தேர் ஜி.டி. ரோட்டில் நகரும்போது வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட தேவாலயத் திறப்பு விழாவுக்கு வந்திருக்காது. தேரை மீட்க வெளியார் யாரும் வரவேண்டியிருக்கவில்லை. அது கைவிடப்படவே இல்லை. அதேபோல, ஊரின் பட்டறைகளில் இன்றும் பட்டுப் புடவைக்கு அச்சடிக்கிறார்கள். நீள மேசையில் புடவையை விரித்து, சட்டத்தை நிறத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைத்துச் சாயத்தை இழுத்துவிடுகிறார்கள். கேரி அச்சகத்தைத் தேடி வருகிற ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பட்டறை வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சணல் ஆலைகளுக்குத்தான் வழி தெரியவில்லை. பூட்டுவதும் திறப்பதுமாக அவை ஓடுகின்றன. ஆற்றங்கரையின் நல்ல பாகம் முழுக்க ஆலைச் சுவருக்குப் பின்னால் கிடக்கிறது. இடித்து அடுக்குமாடி கட்டிவிடுவது சுலபம். கரையோர நிலத்தின் விலை அப்படி. டென்மார்க் கட்டடங்களுக்குச் செய்த அளவெடுப்பையும் ஆவணத் தொகுப்பையும் அந்த லைன் வீடுகளுக்கும் செய்துவிட்டுப் பிறகு என்ன வேண்டுமானாலும் முடிவெடுக்கட்டும் என்பது என் கட்சி.

கடைசியாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு கோரிக்கை. தரங்கம்பாடி, செராம்பூர் இரண்டின் நிர்வாகக் காகிதங்களும் பெருமளவில் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டென்மார்க் வணிகக் கம்பெனிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ 1997-இலேயே உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. பழைய டேனிஷ் மொழி, அதுவும் கோத்திக் கையெழுத்து. தமிழ்நாட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கல்வெட்டுப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம், மராட்டிய மோடி எழுத்து ஆவணம் படிக்கப் பழக்குகிறோம். இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பயிற்ற முடியுமா என்று பாருங்கள். தரங்கம்பாடியிலிருந்து செராம்பூருக்குப் போன கப்பலில் யார் யார் ஏறினார்கள், நம் ஆட்கள் எத்தனை பேர் வங்காளத்தில் தங்கிவிட்டார்கள் என்பதைத் தேட வேண்டிய இடம் அந்தக் கட்டுகள்தான். பாடத்திட்டம் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்.